மூப்பர் வந்த சனிக்கிழமை

தேவாலயத்தில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்பு, பொறுப்பிலுள்ள மூப்பர்கள் வீடு வீடாக வந்து, யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று கேட்பது எங்கள் பிரஸ்பிடேரியன் சபையில் ஆரம்பத்திலிருந்தே உள்ள பழக்கம். எனக்கு அது வேவு பார்ப்பதாகவே பட்டது. அந்தச் சனிக்கிழமை மூப்பர் தேவராஜ் ஆவடியில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததுமே, தம்பியோடு நான் பேசாத விஷயம்தான் என்று நினைத்தேன்.

"யாரு போட்டுக் கொடுத்தது?" என்று சீறினேன்.

அவர் விழித்தார். "இன்னா தம்பி? எனக்குத்தான் உங்க மேல கோவம். போன கூட்டத்துல எல்லார் முன்னாடியும் என்னைக் கிண்டல் பண்ணீங்க. அதை மனசுல வச்சிக்கினு நாளைக்கு உங்களுக்கு எப்படி அப்பம் குடுப்பேன்?"

மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் அவர் நீட்டிய அப்பத்தை நான் எடுக்கவில்லை. மதியம் ரயிலேறி, கொரட்டூரில் தம்பி வீட்டு வாசலில் பெல் அடிக்கக் கை வராமல் நின்றபோதுதான், மூப்பர் என் வீட்டுப் படியேறியது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது.