ஏழு இடத்தில் ஒரே வாக்கியம்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் ஸ்பானிஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் அவரைவிட ஆறு வயது மூத்தவர். அவர் வாயிலும் அக்காதான். டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. ஏழு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலோர மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து, ஸ்பானிஷில் வருவதையெல்லாம் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பம்பு, லிஃப்ட், பல் டாக்டரின் நாற்காலி என்று எதை வாங்கினாலும் கூடவே வருமே விளக்கப் புத்தகம், அதெல்லாம் அவர் கையால் போனவை.

உட்கார்ந்து என்று சொன்னது பேச்சுக்குத்தான். அக்காவுக்கு உட்கார வராது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை எழுந்துவிடுவார். ஜன்னல்வரை நடப்பார், கழுவிவைத்த கப்பை மறுபடி கழுவுவார், வந்து பாதி நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த வாக்கியத்தை அடிப்பார். "அக்கா மேசைக்கு ஒரு மீட்டர் வெச்சா ஆட்டோ ஓட்டுறவரைவிட அதிகம் காட்டும்" என்று மேனேஜர் சொல்வார். "காட்டட்டும், நீங்களா பெட்ரோல் ஊத்துறீங்க?" என்று அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார்.

ஸ்பானிஷ் அவருக்கு வீட்டிலிருந்து வந்ததல்ல. பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் ஒரு சரக்கு கம்பெனியில் டெலிபோன் போர்டில் வேலை. கப்பல்காரர்கள் லைனில் வந்து கத்துவார்கள். என்ன கத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்ட சொற்களைப் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, நாலு வருஷம் மாலை வகுப்புக்குப் போனார். முதலில் கற்றுக்கொண்டவை எல்லாம் வசவுகள் என்று சொல்லிச் சிரிப்பார்.

விளக்கப் புத்தக வேலைக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு சொல்லுக்கு ஒரே சொல். முதல் பக்கத்தில் 'மூடி' என்றால் நூறாம் பக்கத்திலும் 'மூடி'தான். அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர். முற்றுப்புள்ளி வருகிற இடத்திலெல்லாம் வெட்டி, வாக்கியத்துக்கு ஒரு கட்டம் என்று அடுக்கும். இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் இங்கிலீஷ். ஒரு ஓரத்தில் சின்ன டிக். அந்த டிக் இருந்தால், ஒரே வாக்கியம் நாற்பது இடத்தில் வந்தாலும் ஒரு தடவை எழுதினால் போதும். மீதி முப்பத்தொன்பதையும், அங்கே ஏற்கெனவே என்ன எழுதியிருந்தாலும் அழித்துவிட்டு, அதுவே நிரப்பிவிடும். 'திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்' என்பதை நாற்பது தடவை எழுத யாருக்குப் பொறுமை?

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு பதிப்பகம், ஸ்பானிஷ் நாவல் ஒன்றை இங்கிலீஷில் கொண்டுவரப்போகிறது. ஐந்து பேருக்கு முதல் பத்துப் பக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். யாருடையது பிடிக்கிறதோ அவருக்குப் புத்தகம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பியதே இறுதி, பிறகு திருத்தம் ஏற்க மாட்டோம் என்று கடைசி வரியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாற்பத்தேழு வயதில் அக்காவுக்கு முதல்முறையாக மனிதர்கள் வருகிற பக்கங்கள் கையில் கிடைத்தன. அந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் ஒரே கப்பை எத்தனை தடவை கழுவினார் என்று எங்களுக்குத் தெரியும்.

கதை, ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பெண்ணைப் பற்றியது. படித்தவளில்லை. அவளிடம் வினைச்சொற்கள் அதிகம் கிடையாது. இருக்கிற ஒன்றை வைத்தே வாழ்க்கையை ஓட்டுகிறாள். அந்தச் சொல் 'எச்சார்'. பத்துப் பக்கத்தில் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது. அக்கா பென்சிலால் வட்டம் போட்டு எண்ணிவைத்திருந்தார். பம்பு புத்தகத்தில் அது வெறுமனே எண்ணெய் ஊற்றுவது. இங்கே அந்தப் பெண் அதை வைத்தே கடிதத்தைப் பெட்டியில் சேர்க்கிறாள், கதவைச் சாத்தித் தாழிடுகிறாள், துணி மூட்டையில் சாய்ந்து கண்ணயர்கிறாள், அடுத்தவள்மேல் குற்றம் சுமத்துகிறாள், முதலாளியிடம் திட்டு வாங்குகிறாள், வேலையிலிருந்து துரத்தப்படுகிறாள், உடைந்து அழ ஆரம்பிக்கிறாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"இதுல என்ன கஷ்டம்? நம்ம 'போடு' மாதிரிதானே. லெட்டர் போடு, தாழ்ப்பாள் போடு, தூக்கம் போடு, பழி போடு, சத்தம் போடு."

"அதேதான். தமிழ்ல கேட்டிருந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சிருப்பேன். இங்கிலீஷ்காரங்ககிட்ட இப்படி ஒண்ணு இல்லையே. அவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள் வரணும்."

"அப்ப நாப்பத்தொரு ஆளக் கூப்பிடு."

"கூப்பிடலாம். அப்ப அவ படிச்சவளாயிடுவா. அவகிட்ட அத்தனை வார்த்தை ஏது?"

அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. முப்பத்துநாலு இடத்தை எப்படியோ சமாளித்தார். முழிபிதுங்க வைத்தது, அந்தச் சொல் வருகிற ஒரே ஒரு வாக்கியம்: 'தே எச்சோ தெ மேனோஸ்.' யாராவது இல்லாமல் மனசு ஏங்கும்போது சொல்வது. அதில் 'மேனோஸ்' என்றால் குறைவு. அகராதியைக் கேட்டால் 'ஐ மிஸ் யூ' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கதையில் அவள் அதை ஏழு தடவை சொல்கிறாள். கல்யாணமாகிப் போன தன் அக்காவிடம், விற்றுவிட்ட தையல் மிஷினிடம், ஓடிப்போய் மூன்றாம் நாள் திரும்பிய நாயிடம், பழைய தெருவிடம், வெட்டிய கூந்தலிடம், செத்துப்போன அம்மாவிடம். ஏழாவது, சுரங்க வேலைக்குப் போய் நாலு வருஷம் கழித்துத் திரும்பி, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற புருஷனிடம். ஆள் எதிரில் இருக்கிறான். அவனிடம்போய் அதைச் சொல்கிறாள்.

பத்தொன்பது வருஷத்துச் சட்டத்தை அக்கா முதல்முறையாக மீறினார். ஓரத்து டிக்கை எடுத்துவிட்டு, ஏழு இடத்துக்கும் ஏழு விதமாக எழுதத் தொடங்கினார். ஆறு கிடைத்தன. ஏழாவது மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஒரு அவசர பம்பு புத்தகம். அக்கா அதே லேப்டாப்பில் டிக்கைப் போட்டு, மத்தியானத்துக்குள் முடித்துக்கொடுத்தார். சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஏழாவது வந்தது. வாயில் நுரையோடு ஓடி அடித்தார். 'தேர் இஸ் லெஸ் ஆஃப் யூ.' உன்னில் கொஞ்சம் குறைந்துபோயிருக்கிறது என்கிற மாதிரி. திரும்பி வந்தவனிடம் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் என்று அவருக்குத் தோன்றியது. மறுபடி ஒருதரம் படித்தால் மறுபடி மாற்றுவோம் என்று தன்னைப் பற்றித் தெரியும். படிக்காமலே அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்காரர் கேட்கட்டுமே என்று சத்தமாகப் படித்து, வரிக்கு வரி தமிழிலும் சொன்னார். கூடத்தில் நடந்தபடிதான். முதல் இரண்டு பக்கம் அவர் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் கையை உயர்த்தினார்.

"இரு இரு. நாய்கிட்டயும் இதையேதான் சொல்றாளா?"

"எதையே?"

"உன்னில கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு. இப்பதானே தையல் மிஷின்கிட்ட சொன்னா. அதுக்கு முன்னாடி அவ அக்காகிட்டயும் சொன்னா."

அக்கா நின்றார். அவர் நின்றதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. திரையை மேலே தள்ளினார். அவளுடைய அக்கா, மிஷின், நாய், தெரு, கூந்தல், அம்மா, புருஷன். ஏழு இடத்திலும் ஒரே வாக்கியம். ஓரத்தில் பம்புக்காகப் போட்ட டிக் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு தடவை விழவேண்டிய இடியை, சாஃப்ட்வேர் தெருவெல்லாம் பட்டாசாகக் கொளுத்திவிட்டிருந்தது.

"ஃபோன் போட்டுச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை யாரு எடுப்பா?"

"மெயில் அனுப்பு."

"திருத்தம் ஏத்துக்க மாட்டோம்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்களே."

"தடிச்ச எழுத்து என்ன, கடிச்சா வைக்கும்?"

மெயில் எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். துவைத்துக் காய்ந்திருந்த துணியை மடித்து, பிரித்து, வேறு மாதிரி மடித்தார். பால்கனியில் பூந்தொட்டிகளை இடம் மாற்றினார். அன்று அந்த வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. "என் செருப்பு எங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது அதற்கு மட்டும் அழுதார்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஃபோனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராகப் பதிப்பகத்துக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததைப் பிறகு எங்களிடம் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே நடந்தபடி சொன்னார், அதனால் கொஞ்சம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

பதிப்பாசிரியர் அறுபதைத் தொட்ட ஒரு அம்மா. மேசை தெரியாத அளவுக்குக் காகிதம். அக்கா வாயைத் திறக்குமுன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்கதானா? உக்காருங்க. நேத்தே படிச்சிட்டேன்."

"மேடம், அதப் பத்திதான்..."

"அவ அக்காகிட்ட சொன்னப்போ புதுசா இருக்கேன்னு நெனச்சேன். தையல் மிஷின்கிட்ட சொன்னதும் சிரிச்சிட்டேன். முடிகிட்ட சொன்னப்போ டீ சிந்திடுச்சு, பாருங்க, இதோ கறை. ஏழாவது தடவ அதையே புருஷன்கிட்ட சொல்றா. அப்ப எனக்குச் சிரிப்பு வரல. முன்னாடியே பழக்கிவெச்சிட்டு கடைசியில கழுத்தப் பிடிச்சிட்டீங்க. மத்த நாலு பேருக்கும் இது தோணல."

அக்கா அந்த நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தாராம். தலையை ஆட்டினால் போதும். ஆட்டவேகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகியது. பதினொன்று எண்ணினாராம்.

"அத நான் செய்யல மேடம்."

"பின்ன?"

"டிக் எடுக்க மறந்துட்டேன். சாஃப்ட்வேர் செஞ்சது. கடைசி ஒண்ணுதான் என்னுது."

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? நான் கேக்கலையே."

"இன்னும் இருநூறு பக்கம் இருக்குல்ல. அங்க யாரு மறந்து குடுப்பா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. அக்கா எழுந்துகொள்ளப் போனார். "உக்காருங்க. மத்த ஆறுக்கும் என்ன எழுதியிருந்தீங்க? தாள் இருக்கா?"

தாள் இல்லை. நெஞ்சில் இருந்தது. அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியில் எழுந்துவிட்டார், அந்தச் சின்ன அறையில் நடக்க இடமில்லாமல் காகிதக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஏதோ குறித்தார். தையல் மிஷினுக்கு 'நல்லா இருக்கு'. தெருவுக்கு 'ரொம்ப இழுக்குது'. செத்துப்போன அம்மாவுக்கு எழுதியதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நாய்க்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாய்க்கு மட்டும் சாஃப்ட்வேர் போட்டதே இருக்கட்டும்."

"அது தப்பு மேடம். புருஷனுக்குன்னு தேடி எடுத்த வார்த்தை அது."

"அந்த நாய் எப்படித் திரும்பி வருது? ஸ்பானிஷ்ல பாருங்க."

மேசையில் கிடந்த ஸ்பானிஷ் பக்கங்களில் அக்கா பார்த்தார். பத்துத் தடவை படித்த வரிதான். நாய் மூன்றாம் நாள் திரும்பி வருகிறது, ஒரு காதில் பாதி இல்லாமல். அதைப் பார்த்துத்தான் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். கடைசியில் புருஷன் வந்து உட்காரும்போதும் அதையே சொல்கிறாள். திரும்பி வந்தவர்கள் கதையில் இரண்டே பேர். எச்சாரையே எண்ணிக்கொண்டிருந்ததில் அக்கா நாயின் காதை விட்டுவிட்டிருந்தார்.

"இது எனக்குத் தெரியல" என்றார்.

"எனக்கும் நேத்து தெரியல. இப்ப நீங்க சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சுது." அந்த அம்மா காகிதக் குவியலுக்கு அடியிலிருந்து அந்த ஸ்பானிஷ் புத்தகத்தை உருவி எடுத்து நீட்டினார். "ஒரு கண்டிஷன். அந்த சாஃப்ட்வேர்ல வேண்டாம். வெறும் தாள்ல, பேனாவால."

பஸ் ஸ்டாப்பிலிருந்து அக்கா வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டார். அவர் எங்கோ நாலாவது மாடியில் லிஃப்ட் கூண்டுக்குமேல் நின்றுகொண்டிருந்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாய்க்கு அதேதான்."

"நேத்து அதுக்குத்தானே வீட்டத் தலைகீழாக்கின?"

"நேத்து தப்பு. இன்னிக்குச் சரி. நீங்க மொதல்ல கீழ இறங்குங்க, பேசிட்டு நிக்காதீங்க."

புத்தகத்தின் பதினோராம் பக்கத்தைத் திறந்து, கைப்பையில் பேனா தேடினார். முதல் வரியிலேயே அந்தச் சொல். இந்தத் தடவை ஏதோ ஒரு செடி வேர் விடுகிறது. வட்டம் போட்டு ஓரத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். அடுத்த வரியைப் படிக்குமுன், அது என்ன செடி, யார் நட்டது, எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கம் பின்னோக்கிப் போய்த் தேட ஆரம்பித்தார். அவருக்கு வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அடுத்ததும் போனது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபீஸுக்கு வந்தபோது கையெல்லாம் மை. மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். அக்கா நேராகப் போய், காலையில் அவர் இல்லாததால் யாரும் தொடாமல் சுத்தமாகவே இருந்த கப்பை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.