வேண்டா என்று ஒரு பேர்

செங்கல்பட்டுத் தெருக்களில் மீன் விற்றவர்களில் தனக்கோடிக்குக் குரல் சன்னம். மற்றவர்கள் தெருமுனையில் கூவினால் கொல்லை வரைக்கும் கேட்கும். இவள் ஒவ்வொரு வாசலாக வந்து நின்று, "மீனு கீதும்மா, பாக்குறியா?" என்று கேட்பாள். பாதி வீடுகளில் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதில் அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. அவளுடைய கடைசி மகளின் பெயர் வேண்டா.

"என் பொண்ணு பேரை இந்த ஊரே சொல்லிகினு கீது பாரு" என்று கூடவே கூடை தூக்கி வரும் வச்சலாவிடம் சொல்வாள்.

"ஆமாக்கா, மகாராணிய பெத்து வச்சிகிற" என்பாள் வச்சலா.

இருவரும் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்த ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வீடு. விடிந்ததும் கரையில் ஏலம் முடியும். எடுத்த மீனோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வருவார்கள். தனக்கோடியின் கணவன் நீலமேகம் கட்டுமரத்தில் போகிறவன். வாய் கொஞ்சம் அதிகம், கை நீட்டியதில்லை.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது நீலமேகம்தான் அந்தப் பெயரை வைத்தான். அந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. பெண் போதும் என்று சாமிக்குத் தெரிவிக்க அப்படி ஒரு பெயர் வைப்பார்கள். அடுத்தது ஆணாக வரும் என்று நம்பிக்கை. பெயர் சாமிக்குச் சொன்ன சேதி, அவ்வளவுதான். கரையேறியதும் நீலமேகம் முதலில் தேடியது அந்தக் குழந்தையைத்தான். ஈரக் கையோடு தூக்குகிறான் என்று தனக்கோடி தினமும் திட்டினாள்.

எழுபத்தாறில், வேண்டாவுக்கு ஒரு வயது நடந்தபோது, குப்பத்துக்கு ஒரு சாம்பல் நிற ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் யாரென்று யாரும் கேட்டுவைக்கவில்லை. தடுப்பு செய்துகொள்கிறவர்களுக்கு நைலான் வலை உண்டு என்று அவன் சொன்னான். தடுப்பு என்ற சொல் குப்பத்துக்குத் தெரிந்ததுதான். ஒருமுறை புயலுக்குப் பிறகு காலரா வந்தபோது எல்லோருக்கும் தடுப்பு ஊசி போட்டிருந்தார்கள். நீலமேகமும் வேறு சில ஆண்களும் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது காலை அகட்டி அகட்டி நடந்தார்கள். எதைத் தடுக்கும் தடுப்பு என்பது அப்போதுதான் விளங்கியது. வலையும் வரவில்லை, அந்த ஆளும் வரவில்லை.

நீலமேகம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "வேண்டான்னு சாமிகிட்ட சொன்னேன். கவர்மெண்டு காதுல வுழுந்துட்ச்சி" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தனக்கோடி சிரிக்கவில்லை. இனி மகன் இல்லை. இந்தப் பெண்தான் கடைசி.

அதற்குப் பிறகு அவள் வேண்டாவைப் பார்க்கிற பார்வை மாறியது. மூத்த இரண்டு பெண்களுக்கும் அம்மை குத்த வந்தவரிடம் அவளே கையைப் பிடித்துக் கொடுத்தவள். அவர்களின் தோளுக்குக் கீழே வட்டத் தழும்பு இருந்தது. வேண்டாவின் கையில் எதுவும் இல்லை. குளிப்பாட்டும்போது அந்த வழுவழுப்பான கையைத் தேய்த்து, "இது மேல ஒருத்தன் கை வைக்க வுடமாட்டேன்" என்பாள்.

எழுபத்தெட்டில் ஆடி கழிந்து வரலட்சுமி என்ற நர்ஸ் குப்பத்துக்கு வந்தாள். ஏலம் முடிந்து பெண்கள் கூடையை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். வந்தது சாம்பல் நிற ஜீப்பில்.

"குழந்தைங்களுக்கு முத்தடுப்பு ஊசி போட வந்திருக்கேன். மூணு நோயைத் தடுக்கும். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி" என்றாள்.

"மூணு தடுப்பா!" என்றாள் வச்சலா. "ஒரு தடுப்புக்கே எங்க ஆம்பளைங்க வாத்து மாதிரி நடந்துகினு வந்தாங்க."

பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வரலட்சுமியும் சிரித்துவிட்டாள், அது அவளுக்குச் சாதகமாகவில்லை.

"அது வேறம்மா. இது குழந்தைக்குத் தடுப்பு."

"அதத்தான சொல்றோம். குழந்தைக்குத் தடுப்பு" என்றாள் தனக்கோடி. "என் வூட்டுக்காரருக்குப் போட்டதும் அதான. இதுக்கும் போட்டு, நாளைக்கு அதும் வயிறு தொறக்காம போவணுமா?"

"சத்தியமா அப்படி இல்ல. அன்னிக்கு வந்தவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஜீப்பு அதே ஜீப்புதான?"

வரலட்சுமி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள்.  அவள் தனக்கோடியின் இடுப்பில் இருந்த குழந்தையின் பக்கம் குனிந்தாள்.

"பாப்பா பேர் என்ன?"

"வேண்டா."

"வேண்டாம்னு சொல்லாதீங்கம்மா. பேரைத்தானே கேக்கறேன்."

"அதான் பேரு."

மறுபடியும் சிரிப்பு. "சரி, ஊசி?" என்றாள் வரலட்சுமி.

"அதுவும் வேண்டா" என்றாள் தனக்கோடி.

குப்பத்தில் நெடுநாள் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட இரண்டு மூன்று குழந்தைகளுக்கு அன்றிரவு காய்ச்சல் அடித்து, தொடை வீங்கியது. தனக்கோடி செய்ததே சரி என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.

அவளை அறியாதவள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவள் தெரிந்ததை வைத்துத்தான் கணக்குப் போட்டாள். ஒருமுறை ஏமாற்றிய சொல்லை மறுமுறை நம்பக்கூடாது என்பது தவறான எண்ணம் இல்லை. ஒருவன் பொய் சொல்லி அழித்துவிட்டுப் போன நம்பிக்கையை, பின்னால் உண்மையோடு வந்தவள் கேட்டாள். கொடுக்கத் தனக்கோடியிடம் மிச்சம் இல்லை. காரணம் சரியாக இருந்தும் முடிவு தவறாகப் போகலாம். நோய் காரணத்தை விசாரிப்பதில்லை.

ஐப்பசி மழையில் வேண்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் கழுத்தின் இரண்டு பக்கமும் வீங்கியது. வச்சலா தொட்டுப் பார்த்து, "பொன்னுக்கு வீங்கிக்கா. பொன்னு கேக்குது. கழுத்துல தங்கம் போடு, எறங்கிடும்" என்றாள். அந்த வீக்கத்துக்கு எல்லோரும் செய்வது அதுதான். மூத்தவள் கல்யாணிக்கு முன்பு வீங்கியபோது அப்படித்தான் போட்டார்கள், நாலைந்து நாளில் வடிந்தும் போனது.

தனக்கோடியிடம் சங்கிலி இல்லை. காதில் கிடந்த கம்மலைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டினாள். வேண்டா அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனுக்கா?" என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது.

"உனுக்குத்தான். வச்சிக்கோ."

தங்கம் வேலை செய்யட்டும் என்று காத்திருந்தார்கள். வீக்கம் தாடையிலிருந்து மார்பு வரைக்கும் இறங்கி, கழுத்து என்று ஒன்று இல்லாமல் போனது. கஞ்சி மூக்கு வழியாக வந்தது. மூச்சில் ஒரு கெட்ட வாடை. நாலாம் நாள் காலை நீலமேகம் கடலுக்குப் போகவில்லை. குழந்தையின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தான். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

"இது பொன்னு கேக்கறது இல்லமே. கெளம்பு" என்றான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேகமாக ஏதோ சொன்னார். ஆட்கள் ஓடினார்கள். ஒரு நர்ஸ் கழுத்துக் கயிற்றைக் கத்தரித்து, கம்மலைத் தனக்கோடியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"முத்தடுப்பு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்று தனக்கோடி தலையை அசைத்தாள்.

"பேர் என்ன?"

அவள் நீலமேகத்தைப் பார்த்தாள். நீலமேகம் சொன்னான். "வேண்டா, சார்."

"பேருய்யா."

"அதான் சார் பேரு."

டாக்டர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். மருந்து ஏற்றினார்கள். ரொம்பத் தாமதமாகிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை என்று உச்சிப்பொழுதில் அவரே வெளியே வந்து சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தனக்கோடிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

வண்டி பேச வழியில்லை. குழந்தையைப் புடவைத் தலைப்பால் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். நீலமேகம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பாப்பா நல்லா தூங்குது. கால் வெளிய நீட்டிகினு கீது பாரு, யாராவது இடிச்சிடப் போறான்" என்றார்.

தனக்கோடி அந்தக் காலை உள்ளே இழுத்து மடக்கிக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது, இறங்கியது. யாருக்கும் தெரியவில்லை. குப்பத்து மணலில் கால் வைத்த பிறகுதான் அழுதாள்.

குளிப்பாட்டியபோது அந்தக் கையைத் தேய்த்தாள். ஒரு தழும்பும் இல்லை.

கம்மலைப் பிறகு போட்டுக்கொண்டாள். காது தூர்ந்துவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், போட்டுக்கொண்டாள். பத்து நாளைக்குப் பின் கூடையையும் எடுத்தாள். வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் சாப்பிட வேண்டும்.

அடுத்த மாசியில் வரலட்சுமி மறுபடி வந்தாள். வச்சலாவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது, ஆண் குழந்தை. நர்ஸ் அவளிடம் போனதும் வச்சலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பயமாக்கீது நர்ஸம்மா. வேண்டா."

சற்றுத் தள்ளி மீனை அலசிக்கொண்டிருந்த தனக்கோடி, "ம்?" என்று தலையைத் திருப்பினாள். யாரோ குழந்தையைக் கூப்பிட்டதற்கு ஒரு தாய் திரும்புகிற மாதிரி. பிறகு தான் ஏன் திரும்பினோம் என்பது அவளுக்கே புரிந்தது. மற்றவர்களுக்கும் புரிந்தது. 

அவள் எழுந்து வந்தாள். ஊசி நல்லது என்று வாதாடுவாள் என வரலட்சுமி எதிர்பார்த்திருக்கலாம். தனக்கோடி அதைச் சொல்லவில்லை.

"போடு, போடாத, அது உன் இஷ்டம்" என்றாள் வச்சலாவிடம். "அந்த வார்த்தைய மட்டும் என் காதுல சொல்லாத."

 மறுக்க வேறு சொல் வச்சலாவுக்கு அகப்படவில்லை. வரலட்சுமி குழந்தையின் துணியை விலக்கியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள், கையைத் தட்டிவிடவில்லை.

அன்றிலிருந்து குப்பத்தில் தனக்கோடி எதிரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சோறு போதுமென்றால் "இருக்கட்டும்" என்றார்கள். குழந்தைகளுக்கும் பழக்கிவிட்டார்கள். ஆனால் செங்கல்பட்டை யார் பழக்குவது? பஸ்ஸை விட்டு இறங்கி அவள் முதல் தெருவுக்குள் நுழைவாள். ஒரு வாசலில் நின்று, "மீனு கீதும்மா" என்பாள். உள்ளேயிருந்து, முகம் காட்டாமலே, ஒரு குரல் வரும்.

"வேண்டா."

தனக்கோடி கொஞ்சம் நிற்பாள். கேட்கவில்லையோ என்று நினைத்து அந்தக் குரல் மறுபடியும் சொல்லும். அதையும் கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள்.