வொர்க்ஸா, வொர்க்கிங்கா?

போன மாதம் ஒரு 'இங்'கிடம் தோற்றுப்போனேன்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் நெய்வேலி சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் நாலைந்து காலேஜ் பெண்கள் வந்து உட்காருவார்கள். இன்டர்வியூவுக்கு ஆங்கிலம் பேசிப் பழகத்தான். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிட, குறை கண்டுபிடிக்கிறேன் என்பது சரி. அது எனக்குக் கைவந்த கலை... சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வியாதி உண்டு. வந்துகினு, போய்கினு, சாப்ட்டுகினு – 'கினு' இல்லாமல் வாய் திறக்காது. அதுவே ஆங்கிலத்தில் 'இங்' ஆகிவிடும். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பார்கள். ஏன், தம்பிகள் நாளைக்கே காணாமல் போய்விடுவார்களா?

யோசித்து, ஒரு சுலபமான ரூல் போட்டேன். "பர்மனென்ட்னா சிம்பிள் பிரசன்ட். டெம்பரரின்னா 'இங்'. அவ்ளோதான்!"

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கவா வேண்டும்? இங்கே பெயரைக் கேட்பதற்கு முன்பே 'பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?' என்று கேட்டுவிடுவோம். மாப்பிள்ளை பார்க்கும்போதும் அதுதான் முதல் கேள்வி. ஜாதகமெல்லாம் அப்புறம்.

ரெஹானா குள்ளஞ்சாவடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பி.காம். கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். போன மாதம் ஒரு ஞாயிறு வந்திருந்தாள்; அடுத்த வெள்ளிக்கிழமை சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு இன்டர்வியூ. வீடே அந்த வேலையை நம்பிக்கொண்டிருந்தது.

"மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் மைன்ஸ்" என்று ஆரம்பித்தாள்.

"வொர்க்ஸ்!" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, வொர்க்கிங்தான். அத்தா கான்ட்ராக்ட்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த கவிதா – அவள் அப்பா பர்மனென்ட் – குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"எவ்ளோ வருஷமா போறாரு?"

"நான் பொறக்கறதுக்கு முந்தியிலேர்ந்து."

"அப்ப அது பழக்கம்தானேம்மா? வொர்க்ஸ்தான் கரெக்ட்."

"கான்ட்ராக்டர் மாறிகினே இருக்காங்க ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் அத்தா பேரு வருமா, வராதான்னு பாத்துகினு இருப்போம். வேலை இல்லாம வூட்லயே இருந்த மாசமும் உண்டு. நீங்க சொன்ன ரூல்தானே?"

என் ரூல்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? "ரூல் கிடக்கட்டும், இன்டர்வியூல வொர்க்ஸ்னு சொல்லு. மார்க் போயிடும்" என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன். தலையாட்டினாள். அவள் போன பிறகு மனசு ஆறவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"ஆன்ட்டி, திட்டாதீங்க. வாய்ல வொர்க்கிங்னுதான் வந்துச்சு."

போச்சு என்று நினைத்தேன். அங்கே கேள்வி கேட்டவரும் 'வொர்க்ஸ்?' என்று திருத்தினாராம். இவள் விடவில்லை. ஏன் 'வொர்க்கிங்' என்று அவருக்கு ஆங்கிலத்திலேயே விளக்கியிருக்கிறாள்! கான்ட்ராக்ட், வேலை இல்லாத மாசம், அத்தா பெயர் வருமா என்று காத்திருப்பது – எல்லாவற்றையும். அதுவரை மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்த பெண், முதல்முறையாகச் சொந்தமாகப் பேசியிருக்கிறாள்.

"அவரு பேனாவ கீழ வெச்சிட்டு கேட்டுகினு இருந்தாரு ஆன்ட்டி."

அந்தப் பேச்சில் எத்தனை பிழையோ, எனக்குத் தெரியாது. கேட்டவர் எண்ணியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நாம் ஆங்கிலம் படிப்பது பிழையில்லாமல் பேசவா, நம் விஷயத்தை நாமே சொல்லவா? இத்தனை நாள் திருத்திய எனக்கு இது தோன்றவே இல்லை.

வேலை கிடைத்துவிட்டது. இந்தத் திங்கட்கிழமை சென்னையிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தாள். 'ஆன்ட்டி, ஐ ஆம் வொர்க்கிங் இன் சென்னை. ஒன் இயர் கான்ட்ராக்ட். கிராமர் கரெக்டா?'

'கரெக்ட்தாம்மா' என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினேன்...

'இப்போதைக்கு.'