புதன்கிழமை அஞ்செட்டி பஸ்

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குப் பொறுமை வேண்டுமாம். எனக்குக் கிடையாது, ஓசூரை ஒட்டிய எங்கள் ஜூஜுவாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு சிங்கராயர் நீட்டிய தாளைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"என்னங்க இது, பாதிப் படம் தலைகீழா கெடக்குது? காப்பி எடுத்தப்புறம் என்மேல பழி போடக் கூடாது."

அவர் தாளை எட்டாக மடித்தார், என் கத்தரியை எடுத்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினார், மறுபடி மடித்தார். உள்ளங்கை அளவில் ஒரு புத்தகம் வந்துவிட்டது. எல்லாப் படமும் நேராக நின்றது. "அட!" என்றேன். வேறு என்ன சொல்ல?

சிங்கராயர் பக்கத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே லீவு, மெஷின் நிற்கும். நின்ற மெஷினைத்தானே பிரித்துப் பார்க்க முடியும்? அதனால் அவருக்கு அன்றைக்குத்தான் முழு வேலை, லீவு புதன்கிழமை. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. புதன்கிழமை காலையில் ஆளில்லாத மாதா கோயிலில் கொஞ்ச நேரம் முட்டி போட்டுவிட்டு, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவார். இறங்கின இடத்தில் உட்கார்ந்து வரைவார்.

அந்தப் படங்கள்தான் புத்தகம். கர்நாடக எல்லையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகள், அஞ்செட்டி வழியில் பஸ்ஸை மறித்த மாடுகள், பாறைக்கு நடுவே ஓடும் தண்ணீர். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு மனுஷ முகம் இல்லை.

"ஆளுங்களே இல்லியே?"

"கூட யாரு வந்தாங்க, வரையறதுக்கு?"

கடைசிப் பக்கத்தில் படத்துக்குப் பதில் எழுத்து இருந்தது. 'வரும் புதன் காலை ஏழு மணி, ஓசூர் பஸ் ஸ்டாண்டு, அஞ்செட்டி பஸ். என்கூட வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம்.'

"புதங்கெழம யாருக்குங்க லீவு?" என்றேன்.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடப் பழக்கத்தில், மற்றவர்களுக்கு அது வேலை நாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. "எனக்கு," என்றார். அப்புறம் மெதுவாக, "ஒருத்தராச்சும் லீவு போட மாட்டாங்களா? ஒருத்தர் வந்தாப் போதும்."

"உங்க லீவ ஞாயித்துக்கெழமக்கி மாத்திக் கேளுங்களேன்."

"கேட்டேன். அன்னிக்கி நீ இல்லன்னா மெஷின யாரு பாக்கறதுங்கறாங்க."

முப்பது காப்பி எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் ஸீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அந்த பஸ்ஸில் ஏறினதும் எல்லாரும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு தூங்குகிறவர்கள். பாதிப் பேருக்கு இவர் பேரே தெரியாது. அன்றைக்கு யாரும் தூங்கவில்லையாம். அசெம்பிளியில் வேலை செய்யும் கோபி, "அண்ணா, தெனமும் பக்கத்துலயே உக்காந்து வர்றீங்க, ஒரு வார்த்த சொல்லலியே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினானாம். இதைச் சொல்லும்போது சிங்கராயர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பெரிய இட்லிப் பொட்டலத்தோடு கடைக்கு வந்து நின்றார். யாராவது வருவார்கள் என்று ஏழு மணி பஸ்ஸை விட்டாராம், அடுத்ததையும் விட்டாராம். "வர்றவங்களுக்குன்னு வாங்கினது. சாப்பிடறீங்களா?" என்றார். வராதவர்களைத் திட்டிக்கொண்டே நாலு இட்லி தின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். கோபியும் கம்பெனி பஸ்ஸில் வரும் நாலைந்து பேரும் முந்தின நாள் அஞ்செட்டி போயிருக்கிறார்கள். தண்ணீருக்குள் பாறைமேல் உட்கார்ந்து, இவர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே கோபி அனுப்பியிருந்தான்: 'உங்க புக்க பாத்துதான் கெளம்பினோம்ணா. நீங்க போட்ட பாற அப்படியே இருக்குது. செம ஜாலி!'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கள ஒரு பேச்சுக்காச்சும் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. நல்ல பசங்க. எனக்கு டூட்டி."

பத்து நாள் கழித்துப் புதுத் தாளோடு வந்தார். இந்த முறை ஆட்கள் இருந்தார்கள். கோபியின் சிங்கப்பல், பக்கத்தில் இருந்த பெண்ணின் நனைந்த துப்பட்டா, சிரித்துச் சுருங்கிய கண்கள், ஒன்றையும் விடவில்லை. போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

"இதுல நீங்க எங்க?"

"நான் அன்னிக்கி கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில இருந்தேன்."

தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். 'வரும் ஞாயிறு சாமல்பட்டி போகலாம். கிருஷ்ணகிரியில் பஸ் மாற வேண்டும். ஸ்டேஷன் பெஞ்சில் மரநிழல் உண்டு, டீ நன்றாக இருக்கும். எல்லோரும் போய்ட்டு வாங்க.'

"எத்தன காப்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"முப்பதே போடுங்க. பத்தலேன்னா மறுக்கா வர்றேன்."