கொளுக்கியில் தொங்கிய ஜேர்சி

1. முதல் நாள்

வேலைக்குப் போன முதல் நாள் டெரி என்னை ஒரு கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த றக்பி கழகத்தில் உடுப்புப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. கிட் மனேஜர் என்பார்கள். கதவைத் திறந்ததும் சேறும் வேர்வையும் தைலமும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. உள்ளே உடுப்புத் தோய்க்கும் பெரிய மெஷின் இரண்டு, ஒரு ட்ரையர், சுவரோடு ஒரு தண்ணீர்த் தொட்டி.

“இது இனி உன்ர இராச்சியம்,” என்றார் டெரி. “வெள்ளைச் சோட்ஸ் வெள்ளையா வரவேணும். வேற ஒண்டும் கேக்கமாட்டன்.”

அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருஷங்கள் அவை. பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியன் சம்பளத்துக்கு விளையாடும் விளையாட்டாக மாறிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் வீரர்கள் வேறு வேலை செய்துவிட்டுப் பின்னேரம் பயிற்சிக்கு வருவார்களாம். ஜேர்சியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்ப்பார்களாம். அவர்களுக்குச் சம்பளம் வந்த பிறகுதான் எனக்கும் அங்கே ஒரு வேலை வந்தது. எங்கள் அணிக்குச் சொந்த மைதானம் இல்லை. லண்டனில் ஒரு கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் வாடகைக்கு இருந்தோம். பார்க்க வரும் சனம் ஒரு பக்கத்து ஆசனங்களுக்கே போதாது. வென்றதைவிடத் தோற்றதுதான் கூட.

நான் பாரிஸில் இரண்டு வருஷம் ஒரு லோண்டரியில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். கறை எடுப்பதில் எனக்குப் பெருமை. இரத்தமென்றால் குளிர்ந்த தண்ணீரும் உப்பும். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துவிடும். சேறென்றால் காயவிட்டு, தட்டி உதிர்த்த பிறகுதான் தண்ணீர்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் குணம் அண்ணை. மைதானத்தில் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. ஈஸ்ட் ஹாமில் இருவரும் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தோம்.

“ஊரில நீ கட்டின சாரத்தைத் தோய்ச்சிருப்பியே? இஞ்ச வந்து வெள்ளைக்காரன்ர காற்சட்டைக்கு வெண்மை பாக்கிறாய்,” என்று பகிடி பண்ணுவார்.

“ஊரில இருக்கிற மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. விளையாட்டுக் கழகத்தில வேலை எண்டுதான் சொல்லியிருக்கிறன்.”

“அதுவும் பொய் இல்லைத்தானே. கழகத்தின்ர வேர்வை முழுக்க உன்ர கையாலதான் போகுது.”

2. செய்த பிழை

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. அன்றுதான் சியோனே எங்கள் அணிக்காக முதல்முறை இறங்கினார். டொங்கா தீவுக்காரர். கதவு நிறைந்த உடம்பு, ஆனால் கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். ஸ்க்ரம் என்றால் பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கொடுத்து ஒருவரையொருவர் தள்ளுவது. அதில் முன்வரிசை ஓரத்தில் நின்று முழுப் பாரத்தையும் தாங்குகிறவரை ப்ரொப் என்பார்கள். சியோனே ப்ரொப்.

ஆட்டம் முடியப்போகிற நேரம் ஒரு ஸ்க்ரம் சரிந்தது. எல்லாரும் எழும்பினார்கள். சியோனே எழும்பவில்லை. முழங்கால். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். டெரியும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு உடைமாற்றும் அறைக்குப் போனேன். ஜேர்சிகள் வழக்கம்போலக் கூடையில் கிடந்தன. ஒன்று மட்டும் சுவர்க் கொளுக்கியில் தொங்கியது. சியோனேயின் ஜேர்சி. சேறு கட்டிப்போய், கழுத்துப் பக்கம் கிழிந்து இருந்தது. அவசரத்தில் கூடையில் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பாவம், அடிபட்ட மனிதன், அவருடையதைத் திறமாகச் செய்து கொடுப்போம் என்று தனியாக எடுத்துத் தோய்த்தேன். இருந்த இரண்டு துளி இரத்தத்தையும் எடுத்தேன். கிழிசலைத் தைத்தேன். கடையில் வாங்கிய புதுசு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை சியோனே ஊன்றுகோலோடு வந்தார். உடைமாற்றும் அறைக்குப் போய் வெறும் கொளுக்கியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் மடித்து வைத்ததை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கினார். விரித்துப் பார்த்தார். முகத்தருகில் கொண்டுபோய் மணந்தார்.

“தாங்க் யூ, பிரதர்,” என்றார். ஜேர்சியை மெஷினுக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் டெரி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்ன வேலை பாத்து வச்சிருக்கிறாய்? முதல் ஆட்டத்து ஜேர்சியை நாங்கள் தோய்க்கிறேல்லை. அது கழகத்தின்ர வழக்கம். சேத்தோட விளையாடினவனுக்கே குடுக்கிறது. கப்டன்தான் கொளுக்கியில மாட்டினவன்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“நீ ஆரையும் கேட்டனியே?” என்றார். பிறகு குரல் தணிந்தது. “நாலு வருஷமாத் தாய் அவனைக் காணேல்லை. ஜேர்சியை அப்பிடியே அவவுக்கு அனுப்பப்போறன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். இனி விளையாட ஏலுமோ எண்டு டொக்டரே சொல்லுறாரில்லை.”

3. மண்

“இதுக்கே இப்பிடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறாய்?” என்றார் குணம் அண்ணை. “அதே மைதானம், அதே மண். கொஞ்சம் பூசிக் குடு. தாய் என்ன, மண்ணை லாபில குடுத்துச் சோதிக்கப்போறாவே?”

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த நாள் மத்தியானம் ஜேர்சியோடு மைதானத்துக்குப் போய், கோட்டோரம் முழங்காலில் நின்று தேய்க்கத் தொடங்கினேன். கால்பந்துக் கழகத்தின் புல் பராமரிப்பவர் தூரத்திலிருந்து, “ஏய், என்ர புல்லில என்ன செய்யிறாய்?” என்று கத்தினார்.

“அது நான் விழுந்த இடம் இல்லை,” என்று பின்னால் ஒரு சத்தம். சியோனே ஊன்றுகோலில் நின்றார். “நான் விழுந்தது அங்கால.”

எனக்கு எழும்பவும் வெட்கம், இருக்கவும் வெட்கம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

இருவரும் கோட்டோரம் கிடந்த நீள வாங்கில் அமர்ந்து கதைத்தோம். அவருடைய தாய்க்குப் படங்களில் நம்பிக்கை இல்லையாம். “படத்தில நீ எப்பவும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய். நீ அங்க என்ன பாடுபடுறாய் எண்டு எனக்குத் தெரியவேணும். வேலை செய்த உடுப்பைத் தோய்க்காம அனுப்பு,” என்றாராம்.

நான் என் மகள் துளசியைப் பற்றிச் சொன்னேன். ஏழு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது நெருங்கியது. படங்கள் இருந்தன. தோளில் போட்டு வைத்திருந்தபோது எப்படி மணந்தாள் என்பது மட்டும் எனக்கு மறந்துபோயிருந்தது.

“அப்ப நீயும் கேளன்,” என்றார் சியோனே. “தோய்க்காத சட்டை ஒண்டு.”

ஞாயிறு காலை ஈஸ்ட் ஹாம் டெலிபோன் கடையிலிருந்து ஊருக்குப் போன் எடுத்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் காத்திருந்தாள்.

“பிள்ளையின்ர சட்டை ஒண்டு அனுப்பும். போட்டுக் கழட்டினது. தோய்க்க வேண்டாம்.”

“என்னப்பா, உங்களுக்கு விசரே? ஊத்தைச் சட்டையை ஆரும் லண்டனுக்கு அனுப்புவினமே?”

“நான் சொல்லுறதைச் செய்யுமன்.”

“சரி, சரி. அனுப்பிறன்.”

பார்சல் வந்தது. மஞ்சள் சட்டை, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி. கூட ஒரு கடிதத்துண்டு: ‘கறை ஒன்று இருந்தது, இரண்டு தரம் தோய்த்தேன்.’

சியோனேயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை மணந்து பார்த்தார். “பிரதர், உன்ர மனிசிக்கும் உன்ர தோய்க்கிற வியாதிதான்,” என்றார். சிரித்து முடிய இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

4. கடைசிப் பத்து நிமிஷம்

சியோனேக்கு இரண்டு ஒப்பரேஷன். அந்தப் பருவம் போயிற்று, அடுத்ததிலும் பெரும்பகுதி போயிற்று. பயிற்சி இல்லாத நேரங்களில் என் அறைக்கு வந்து, ட்ரையரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொக்ஸ் சோடி சேர்ப்பார். மெஷின் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

பிறகு கழகம் லண்டனை விட்டு வெளியே போகப்போகிறது என்று அறிவித்தார்கள். அந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் மே மாதம். மாற்று வீரர் பட்டியலில் சியோனேயின் பெயர் இருந்தது. இந்தத் தரமாவது ஜேர்சியில் சேறு பட மழை வரவேண்டுமென்று நான் நேர்ந்துகொண்டேன். வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. அவ்வளவு சனத்திலும் வெயிலைப் பார்த்து முகம் சுளித்தவன் நான் ஒருவன்தான்.

பத்து நிமிஷம் இருக்கும்போது அவரை இறக்கினார்கள். முதல் ஸ்க்ரமுக்கு அவர் தலையைக் குனிந்தபோது நான் கண்ணை மூடிவிட்டேன். “திறந்து பார், நிக்கிறான்!” என்று டெரி என் தோளில் அடித்தார். நின்றார். மூன்று ஸ்க்ரமிலும் நின்றார். நாங்கள் தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் ஜேர்சியைக் கழற்றிப் பார்த்தார். முழங்கையில் பச்சைப் புல் கறை. நெஞ்சில் கோட்டுச் சுண்ணாம்பு. மற்றப்படி வேர்வைதான்.

“சேறில்லை,” என்றார், ஏதோ தன் பிழை போல.

“வேலை செய்திருக்குத்தானே,” என்றேன். “அம்மா கேட்டது அதைத்தானே.”

அவரே கொளுக்கியில் மாட்டினார். நான் கூடையோடு மூன்று தரம் அந்தப் பக்கத்தால் போனேன். தொடவில்லை. அடுத்த நாள் இருவரும் சேர்ந்து பார்சல் கட்டினோம். குணம் அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு, “சுங்கத்தில நாய் மயங்கி விழப்போகுது,” என்றார்.

சில கிழமை கழித்துச் சியோனே எனக்குப் போன் எடுத்தார். “அம்மா அதுக்குள்ள வச்ச முகத்தைக் கனநேரம் எடுக்கேல்லையாம். தங்கச்சிதான் சொன்னவள்.”

5. படித்தது

கழகம் போனது. அவ்வளவு தூரம் என்னால் போய்வர ஏலாது. ஆஸ்பத்திரி லோண்டரி ஒன்றில் சேர்ந்தேன். சியோனே பிரான்ஸ் அணி ஒன்றுக்குப் போனார். கொஞ்சக் காலம் போன் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்போதும் சனிக்கிழமை மத்தியானம் மழை பெய்தால், இன்றைக்குக் கூடை பாரமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைவு வரும்.

அடுத்த வருஷம் மனைவியும் மகளும் வந்தார்கள். துளசிக்கு ஐந்து வயது. விமான நிலையத்தில் என்னிடம் வரமாட்டேன் என்று தாயின் பின்னால் ஒளிந்தாள். வீடு திரும்பும் ரெயினில் நித்திரை வந்ததும், ஆர் எவர் என்று பாராமல் என் தோளில் சாய்ந்துவிட்டாள். அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையில் விமானத்தில் கொட்டிய ஒரேஞ்ச் நிறத் தோடம்பழச் சாறு, வாயோரம் வடிந்த வீணீர், எல்லாம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அதை நான் கழற்றியதும் மனைவி கையை நீட்டினாள். “தாங்கோப்பா, ஊறப்போடுவம்.”

“வேண்டாம்,” என்று கதவுக்குப் பின்னால் கொளுக்கியில் மாட்டினேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, எந்த வேலைக்குப் போனாலும் திறமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு பொருள் தனியாக வைக்கப்பட்டிருந்தால், அது மறந்துபோனது என்று நினைக்காதீர்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள். எனக்கு வேலை தெரிந்திருந்தது. கேட்கத்தான் தெரியவில்லை.

துளசி இப்போது வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்தச் சட்டை என் அலுமாரியில் இருக்கிறது. மணம் எப்போதோ போய்விட்டது. தோடம்பழக் கறை மட்டும் இருக்கிறது. அதை எப்படி எடுப்பதென்று எனக்கு நன்றாகத் தெரியும்.