வழக்கமான பாரா

லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த ரோஸ்லின் முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்தாள். இப்போது கொண்டாப்பூரில் மகள் வீட்டில், பதினோராவது மாடியில் வாசம். ரிட்டயராகி ஆறு வருடமாகியும் காலை பத்து மணியானால் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கால் பரபரக்கும். கூடவே நீதிபதி விஸ்வநாத்தின் ஞாபகமும் வந்துவிடும்.

விஸ்வநாத் போலாரத்தில் ராணுவக் குடும்பத்தில் பிறந்த தமிழர். கண்ணை மூடிக்கொண்டு, அறைக்குள் நடந்தபடியே தீர்ப்பைச் சொல்லுவார். தேதி தப்பினாலும் சாட்சியின் பேர் மாறினாலும் ரோஸ்லின் சத்தமில்லாமல் திருத்தி அடித்துவிடுவாள். எல்லாத் தீர்ப்பிலும் ஒரே மாதிரி வருகிற இடங்களில் அவர் கையை மட்டும் ஆட்டுவார். "அந்த வழக்கமான பாராவைப் போட்டுடும்மா." அதற்கென்றே அவளிடம் ஒரு ஃபைல் இருந்தது.

"ரோஸ்லின் அடிச்சா நான் ரெண்டாந்தடவை படிக்கிறதே இல்ல" என்று மற்ற நீதிபதிகளிடம் பெருமையடிப்பார். அன்றைக்கெல்லாம் ரோஸ்லினுக்குத் தலைகால் புரியாது. மத்தியானம் ஆபீஸ் முழுக்க வெங்காய சமோசாவும் டீயும் அவள் உபயம். என்ன காலம் அது! ஆனால் அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாய்ப் போயிற்று.

இரண்டாயிரத்து இரண்டில் பாபு என்பவனின் வழிப்பறி வழக்கு வந்தது. அவனுக்கு வயது பதினேழு. வயதைப் பற்றிய இடம் வந்ததும் விஸ்வநாத் கையை ஆட்டினார். ரோஸ்லின் ஃபைலைப் புரட்டி அடித்தாள்: பதினாறு முடிந்தவன், ஆகவே பெரியவனாகவே கருதப்பட வேண்டியவன். சட்டம் மாறி, அந்த வயது பதினெட்டாகி, ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு உறைக்கவில்லை. அவர் படித்துப் பார்க்கவில்லை. பாபுவின் வக்கீலோ வாயே திறக்கவில்லை. குற்றம் செய்திருந்தாலும் சிறுவர் இல்லத்தில் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாதவனுக்கு ஏழு வருட ஜெயில். தீர்ப்பை வாசித்தபோது கடைசி வரிசையில் அவன் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் வருடம் செத்தும் போனாள்.

ஐந்து வருடம் கழித்து மேல்கோர்ட்டு அவனை விடுவித்து, இவ்வளவு பெரிய சட்டப்பிழை எப்படி நேர்ந்தது என்று விஸ்வநாத்திடம் விளக்கம் கேட்டது. அதை அடிக்கவும் ரோஸ்லினைத்தான் கூப்பிட்டனுப்பினார். ஸ்டெனோ பழைய பாராவைப் போட்டுவிட்டாள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். இவள் வேலை போயிருக்கும்.

"கையெழுத்து என்னுது. தப்பும் என்னுது. அடிம்மா" என்றார்.

அடித்தாள். படிக்கிற வயதில் பெண், வீட்டுக்காரருக்கு அப்போது வேலையில்லை. வாயை மூடிக்கொண்டு அடித்தாள். அவருடைய பதவி உயர்வு அதோடு போயிற்று. அப்பேர்ப்பட்ட மனிதர் இனி வருவாரா என்று இன்றைக்கும் மனசு உருகும். அந்த உருக்கத்துக்குள்ளேயே வெட்கமும் கிடந்து பிடுங்கும்.

போன மாதம் அவர் போன் செய்தார்.

"தப்பான தீர்ப்பு சொன்ன ஜட்ஜைத் தண்டிக்கணுமான்னு டிவியில சண்டை போடறாங்க ரோஸ்லின். நான் மேலே விளக்கம் குடுத்தேன். அந்தப் பாபுவுக்கு என்ன குடுத்தேன்? ஒரு லெட்டர் டிக்டேட் பண்ணணும். வர்றியாம்மா?"

அரைப் பக்கத்துக்கு இரண்டு மணி நேரமாயிற்று. பாபுவின் பழைய வக்கீலிடம் விலாசம் வாங்கி அனுப்பினார்கள். பாலாநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாபு, லெட்டரில் இருந்த நம்பருக்குப் பேசினான்.

"தீர்ப்ப எல்லாரும் கேக்குற மாதிரி படிச்சீங்க. மன்னிப்ப மட்டும் கவர்ல போட்டு ஒட்டி அனுப்புறீங்களா? நக்கோ சார், எனக்கு வேணாம். இங்க வந்து படிங்க."

போனார்கள். பாபு மெஷின்களை நிறுத்தச் சொன்னான். ஆறேழு பேர் எண்ணெய்க் கையோடு சுற்றி நின்றார்கள். விஸ்வநாத் காகிதத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வாசித்தார். அந்தக் கணீர்க் குரல் இல்லை. பாதிக்கு மேல் இழுத்துப் பிடித்துத்தான் வந்தது. "தவறு முழுவதும் என்னுடையது" என்று முடித்தார்.

"முழுசும் இல்ல பாபு" என்றாள் ரோஸ்லின்.

"வேண்டாம்மா" என்றார் அவர்.

"இருங்க சார். அந்தப் பாராவை அடிச்சது நான். பழசுலேருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். சட்டம் மாறிடுச்சான்னு பாக்கல. சார் எம்பேரைச் சொல்லல, நானும் சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு பயம்."

பாபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து, அவன் பட்டறையில் பத்து வருடமாக வெல்டிங் செய்கிற தண்டபாணி டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நீங்க படிச்சத இவரு கேக்கல" என்றான் பாபு. "நான் ஜெயிலுக்குப் போனவன்னு இவருக்குத் தெரியும். ஏன் அஞ்சு வருஷம் இருந்தேன்னு தெரியாது. முதல்லேருந்து படிங்க."

விஸ்வநாத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். ரோஸ்லின் தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றாள்.