கண்ணாடியில் ஒட்டிய கோர்ட்டுத் தாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்படிப்பட்டவன் திருநெல்வேலி பேட்டையில் ஒரு வாடகை வெல்டிங் மிஷினோடு தொடங்கி, சொந்த மிஷின் வாங்கி, ஐந்து பேருக்கு வேலை கொடுத்து, இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, தம்பியை வெளிநாட்டுக்கும் அனுப்பினேன். டவுன் தொடங்கி ஆழ்வார்குறிச்சி வரைக்கும் எத்தனை கல்யாணத்துக்கு நான் செய்த இரும்புப் பீரோ போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்கில் ஆனாலும் கதவு உரசாமல் பூட்டுகிறது என்றால் அது என் பீரோ. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

சம்பவம் நடந்தது தொண்ணூற்று நான்கோ ஐந்தோ. காலை பத்து மணி இருக்கும். பட்டறை வாசலில் ஒரு டயர் வண்டி வந்து நின்றது. கூடவே சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர், டவுன் பைனான்ஸ் கடைக் கணக்கப்பிள்ளை, கையில் பையோடு ஒரு ஒல்லியான ஆள்.

“அண்ணாச்சி, நான் கோர்ட்டு அமீனா. பைனான்ஸ் கடைக் கடன் கேசுல ஒம்ம மேல டிக்ரி ஆயிருக்கு. பணத்தக் கட்டுதீரா, சாமானத் தூக்கட்டுமா?” என்றார் அந்த ஒல்லி ஆள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “நான் எவன்ட்டவே கடன் வாங்கினேன்? ஆள் மாறி வந்துட்டீரு.”

“நீரு வாங்கல. ஒம்ம தம்பி வாங்கினாரு. ஜாமீன் கையெழுத்து நீரு போட்டது.”

ஆறு வருஷத்துக்கு முன்னால், விசாவுக்காகத் தம்பி வாங்கிய கடன் அது. “கட்டியாச்சு அண்ணே” என்று துபாயிலிருந்து அவன் எழுதிய கடிதத்தை நான் அப்படியே நம்பினேன். கூடப் பிறந்தவனிடம் ரசீதா கேட்பார்கள்?

“கேசு நடந்ததே எனக்குத் தெரியாதுவே. ஒரு தாள்கூட வரல,” என்று நான் கத்திய கத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

“ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டீரு. பொறவு வாசல்லயே ஒட்டிட்டுப் போனோமே,” என்றார் அமீனா.

“ஒட்டினீரா? எங்க ஒட்டினீரு, காட்டும் பாப்போம்!”

அப்படி நான் கேட்டிருக்கக் கூடாது. மூலையில் ஒரு பச்சைப் பீரோ நின்றது. கல்யாணம் நின்றுபோய்த் திரும்பி வந்த பீரோ. நிறத்தை மாற்றினால் விற்றுவிடலாம் என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதற்கு மறுபடி பெயிண்ட் அடித்தேன். கதவில் இருக்கிற கண்ணாடியில் பெயிண்ட் படாமலிருக்கப் பழைய தாளைப் பசை போட்டு ஒட்டி மூடுவது எங்கள் வழக்கம். யாரும் வாங்க வராததால் அந்தத் தாளை நான் கிழிக்கவேயில்லை. கணக்கப்பிள்ளை சும்மா நிற்காமல் அதன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

“அமீனா, இங்கன வாரும்! நம்ம நோட்டீஸு இங்கனலா இருக்கு!”

ஆமாம். வாசல் கதவில் ஒட்டியிருந்த தாள்களை எல்லாம், சர்க்கஸ் நோட்டீஸ் எது, கோர்ட்டு நோட்டீஸ் எது என்று பார்க்காமல், என் கையாலேயே உரித்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். பச்சைப் பெயிண்டுக்கு நடுவே முத்திரை பாதி தெரிந்தது.

“கோர்ட்டுக்கே பெயிண்ட் அடிச்ச ஆளு ஒம்மளத் தவிர எவனும் இல்லவே,” என்றார் லேத் பட்டறைக்காரர். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கோபத்தில் வெல்டிங் மிஷினைக் காலால் தள்ளி, “இதத் தூக்கிட்டுப் போங்க” என்றேன். தொழில் செய்கிற சாமானைச் சட்டப்படி எடுக்க முடியாதாம், விற்பனைக்கு நிற்கிற சரக்கைத்தான் எடுக்க முடியுமாம். முடிந்த பீரோக்கள் மூன்று இருந்தன. அதில் முதலில் கை வைத்ததே மேலப்பாளையத்து நெசவாளி ஒருவருடைய பீரோவில். அவர் தங்கச்சி மகளுக்கு மறுநாள் நிக்காஹ். முழுப் பணமும் கொடுத்துவிட்டார். பீரோவை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டும்போது மனுஷன் தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறார்!

“என்ன அண்ணாச்சி, என் பீரோவ எங்க கொண்டு போறாங்க?”

நான் சொல்வதற்குள் அமீனா கேட்டார்: “ஒம்ம பீரோவா? அப்ப ஒம்ம பேரு எங்க? பணம் கட்டின சீட்டு எங்க?”

இரண்டும் இல்லை. அன்பளிப்பு என்று போட்டுக் கொடுப்பவர் பெயரைப் பீரோவின் நெற்றியில் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் வண்டியில் ஏற்றும்போதுதான் நான் எழுதுவேன். முன்கூட்டியே எழுதினால், மாமன் பெயரா சித்தப்பன் பெயரா என்று சண்டை வந்து அழித்து எழுத வேண்டியிருக்கும். சீட்டு கொடுக்கும் பழக்கமோ எனக்குக் கிடையவே கிடையாது. என் வாய்ச்சொல்தான் சீட்டு என்று மார் தட்டியவன் நான். அந்த மார் தட்டலுக்கு அன்று இன்னொருத்தர் தலை குனிந்து நின்றார்.

“தகப்பன் இல்லாத புள்ள அண்ணாச்சி. பீரோ எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்தப் பச்சைப் பீரோவின் லாக்கரில்தான் என் பணம் இருந்தது. தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் விலைக்கு வந்திருந்தது. மறுநாள் முன்பணம் கட்டுவதாகப் பேச்சு. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். லாக்கரைத் திறந்தேன். அமீனா கையில் எண்ணி வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. லேத் பட்டறைக்காரர், சிரித்த அதே ஆள், தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அமீனா ரசீது எழுதினார்.

“கயித்த அவுருங்கலே,” என்றார் வண்டிக்காரர்களிடம். “பைய இறக்குங்க, புதுப் பெயிண்ட்.”

நான் பிரஷை எடுத்தேன். ‘அன்பளிப்பு: தாய்மாமன்’ என்று எழுதி அவர் பெயரையும் எழுதினேன். எழுத்துப் படம் வரைவதில் பேட்டையில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அன்று எழுத்து சாய்ந்துவிட்டது. “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார் அந்த நல்ல மனுஷன்.

ஷெட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வாடகைக் கொட்டகையில் கிடந்தேன். அன்றிலிருந்து சீட்டு எழுதாமல் பணம் வாங்குவதில்லை. வாசலில் எந்தத் தாள் ஒட்டியிருந்தாலும் எழுத்துக் கூட்டி வாசிக்காமல் தொடுவதில்லை. இந்த இரண்டும் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கடன் என் தப்பு இல்லை. தம்பி திரும்பி வந்து மாடி வீடு கட்டினான். பால் காய்ச்சிய அன்று பந்தலில் எல்லார் முன்னாலும், “நான் எவன் தயவும் இல்லாம முன்னுக்கு வந்தவன்” என்று பேசினான். நான் சாப்பாட்டு இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்தான். “அண்ணே, பழைய கதைய இப்ப எதுக்கு? வட்டியோட தந்திருதேன்.”

“ஒன் வட்டிய நீயே வச்சுக்கோலே. பந்தல்ல சொன்னேல்லா, அதே பந்தல்ல மாத்திச் சொல்லு,” என்றேன். சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பச்சைப் பீரோவை நான் விற்கவில்லை. என் வீட்டு நடுக்கூடத்தில் நிற்கிறது. கண்ணாடியில் கோர்ட்டுத் தாளும் அப்படியே இருக்கிறது. ஊரார் வீட்டுப் பீரோவில் எல்லாம் கொடுத்தவர் பெயரை எழுதிய கை இது. நான் கொடுத்ததற்கு என் பெயரைச் சொல்ல ஒருத்தன் வாய் திறக்கவில்லை. தம்பி இதைப் படிப்பான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பணம் வேண்டாம். ‘கடனைக் கட்டினது என் அண்ணன்’ என்று நாலு பேர் முன்னால் அவன் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் அந்தத் தாளை நனைத்துக் கிழித்து, அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன்.